கணக்குக்கு எதிராக ஒரு ஓட்டு

குவான்டிடேடிவ் ஃபைனான்ஸ் என்றால் தவணை கட்டாதவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற தொழில் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஃபைனான்ஸ் அத்தனையும் அம்பத்தூர் ஓ.டி. பக்கம், செருப்புக் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு முடிகிற இடத்தில்தான் இருந்தன. உள்ளே விபூதிப் பட்டையோடு ஒருவர் இருப்பார். வெளியே பைக்கில் இரண்டு பேர் இருப்பார்கள். அந்த இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். ஆகவே, பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் என் மகள் நிவேதா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நான் பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கலாம்னு இருக்கேன்பா. குவான்டிடேடிவ் ஃபைனான்ஸ்னு ஒரு கோர்ஸும் இருக்கு. ஆனா எனக்கு மேத்ஸ்தான்" என்று சொன்னபோது, எனக்கு முதலில் வந்த கவலை இதுதான்: இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவள் எப்படி ஒரு புல்லட்டைத் தூக்குவாள்?

அந்தக் கோடையில் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் அடுக்ககத்தில் முதல் மாடியில் இருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொரட்டூர் ஏரியிலிருந்து ஆவடி வரைக்கும், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து, வாழ்க்கையில் ஒரு தடவைகூட "ஆமாம், சரி" என்று சொல்லாத மனிதர் அவர் ஒருவர்தான். அவர் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருந்தது. யாரும் படித்ததில்லை. எங்களுக்கு அவர் 'ஆட்சேபணை'.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு போல்ட்டு நட்டு கம்பெனியில் வேலை பார்த்து, வேலையைவிட அதிகமாக யூனியன் பார்த்து, ஓய்வு பெற்றவர். பூந்தமல்லிக்காரர். எங்களைப் போல எங்கெங்கிருந்தோ வந்து வீட்டுக் கடனில் ஃப்ளாட் வாங்கி, அடுத்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிற ஜாதி இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு மேலே போகிறவரையும் கீழே வருகிறவரையும் விசாரிப்பார். விசாரித்துவிட்டு எதிர்ப்பார்.

அசோசியேஷன் கூட்டம் என்றால் அவருக்குக் கல்யாண வீடு. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து முன் வரிசையில் உட்கார்வார். ஒரு தடவை மழையில் பார்க்கிங்கில் முட்டி அளவு தண்ணீர் நின்றது. வாட்ச்மேன் தனி ஆளாக அதை இறைத்துக் கொட்டினார். அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போடலாம் என்றார் செகரட்டரி. எல்லோரும் கை தட்டினோம். இதை யார் எதிர்ப்பார்கள்?

"ஆட்சேபணை."

"இதுல என்ன சார் ஆட்சேபணை? நன்றிதானே சொல்றோம்?"

"அதான் ஆட்சேபணை. நன்றி சொல்லிட்டா உங்களுக்கு மனசு ரொம்பிடும். அப்பால அந்தாளு சம்பளம் கேட்டா, 'அன்னிக்கே நன்றி சொன்னோமே'ம்பீங்க. நன்றியை வாபஸ் வாங்கு. சம்பளத்தைக் கூட்டிப் போடு."

போட்டோம். வாட்ச்மேன் இன்றுவரை எங்களிடம் நன்றி என்ற சொல்லைக் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

இன்னொரு தடவை, மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் காலமானார். கூட்டத்தில் இரண்டு நிமிட மவுன அஞ்சலிக்கு எழுந்து நின்றோம். நின்ற வேகத்தில் முன் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மனுசன் உசுரோட இருந்தப்பவும் இங்க எவனும் அவராண்ட பேசல. இப்பவும் பேச மாட்டேன்னா இன்னா அர்த்தம்? ரெண்டு நிமிசம் அவரைப் பத்திப் பேசுங்க பாக்கலாம்."

ஒருவருக்கும் ஒரு வரி வரவில்லை. கடைசியில் அவரே பேசினார். இறந்தவர் சீட்டாட்டத்தில் எப்படி ஏமாற்றுவார், கடன் வாங்கிய குடையை எப்படித் தன் குடை என்று சாதிப்பார் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினார். இறந்தவரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அந்த மாதம் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

என் மகளுக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டது ஒரு தடை உத்தரவால். அவளுக்கு எட்டு வயது இருக்கும். பார்க்கிங்கில் குழந்தைகள் விளையாடக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தது. கார் கண்ணாடிகள் மீது பாசம் கொண்ட நாங்கள் எல்லோரும் ஆதரித்தோம். அவர் ஒருவர் எதிர்த்தார், தோற்றார். மறுநாள் சாயங்காலம் பார்க்கிங்கில் 'டொப், டொப்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் பந்து வீசுகிறார். எதிரே என் மகள் நிற்கிறாள்.

செகரட்டரி ஓடினார். "சார், குழந்தைங்க விளையாடக் கூடாதுன்னு நேத்துதானே..."

"விளையாடுறது நானு. என்னைப் பாத்தா கொயந்த மாதிரியா கீது? பாப்பா சும்மா மட்டையைப் புட்ச்சிகினு நிக்குது. பந்து அதும்மேல வந்து பட்டா அது இன்னா பண்ணும்?"

அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். கூட்டாளிகள் என்றால் ஒத்துப்போகிறவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தினமும் சாயங்காலம் மாடிப்படியில் சண்டை நடக்கும். நாய்க்குப் புத்தி உண்டா, காக்காவுக்கு நம் முகம் தெரியுமா, பஸ்ஸில் முன்னால் உட்காருகிறவன் முதலில் போய்ச் சேருகிறானா என்று. அவள் எது சொன்னாலும் அவர் எதிர்ப்பார். அவள் அசராமல் அடுத்த காரணத்தை எடுப்பாள். என் மகள் உலகத்தில் யார் பேச்சையாவது காது கொடுத்துக் கேட்டாள் என்றால், அது அவள் சொன்னதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாத இந்த மனிதரின் பேச்சைத்தான்.

சரி, ஃபைனான்ஸுக்கு வருகிறேன்.

"அது வண்டி தூக்கறது இல்லப்பா" என்றாள் நிவேதா, பொறுமையாக. "நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியாதில்ல? அந்தத் தெரியாததுக்கு இன்னிக்கே ஒரு விலை போடணும். அதுக்குக் கணக்கு வேணும். அவ்வளவுதான்."

"அதுக்குப் பேரு சூதாட்டம்."

"நீ ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டறியே, அது என்ன?"

"அது போலீஸ் புடிப்பாங்கன்னு கட்டறது."

என் மனைவி சுமதி சாம்பார்க் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சரியாக விசாரிக்கவில்லையே என்கிற பார்வை.

மறுநாள் சுமதியின் தம்பி ரமேஷ் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவன், விவரம் தெரிந்தவன். குவான்டிடேடிவ் ஃபைனான்ஸ் படித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று ஒரு தொகை சொன்னான். வருஷத்துக்கா என்று கேட்டேன். மாதத்துக்கு என்றான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். அதற்குள்ளேயே இன்னொரு தடவை உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து அம்பத்தூர் வட்டாரத்தில் குவான்டிடேடிவ் ஃபைனான்ஸின் கொள்கை பரப்புச் செயலாளர் நான்தான். பால்காரரிடம் பேசினேன். ஆபீஸில் பர்ச்சேஸ் செக்‌ஷன் முழுவதும் பேசினேன். வாட்ச்மேனிடம், "டெரிவேட்டிவ்னா சும்மா இல்லப்பா" என்றேன். எனக்கும் அது என்னவென்று தெரியாது, அவருக்கும் தெரியாது. இருவரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டோம். பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் அந்தப் படிப்பு இருக்கிற ஒரு தனியார் கல்லூரியையும் கண்டுபிடித்தேன். ஏ.சி. பஸ் வீட்டு வாசலுக்கே வரும். கேன்டீனில் பீட்சா இருக்கிறது. ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

தகப்பனுக்கு வேண்டாம். மகளுக்கு வேண்டும் போலிருக்கிறது.

"சிலபஸ் பாத்தேன்பா. கணக்கு ரெண்டே பேப்பர். மிச்சம் பூரா சாஃப்ட்வேர்ல பட்டன் அமுக்கறது. அந்தப் பட்டன் ஏன் வேலை செய்யுதுன்னு கேட்டா சொல்ல அங்க ஆள் இல்ல. ஃபைனான்ஸைப் பின்னாடி எப்ப வேணா சேத்துக்கலாம். கணக்கைப் பின்னாடி சேத்துக்க முடியாது."

"வெறும் கணக்கைப் படிச்சிட்டு என்னம்மா பண்ணுவே? டியூஷன் எடுப்பியா?"

"இன்னும் தெரியலப்பா. பிடிச்சிருக்கு. அதனால படிக்கிறேன்."

பிடித்திருக்கிறது என்பது ஒரு காரணமா? எனக்குப் பிடித்ததையெல்லாம் நான் செய்திருந்தால் இந்நேரம் தூங்கிக்கொண்டல்லவா இருப்பேன்?

நகரத்துக்குள்ளே ஒரு பழைய கல்லூரியில் அவளுக்குக் கணக்கு சீட்டு கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். செம்பரம்பாக்கத்துக்காரர்களும் அதே திங்கட்கிழமையைத்தான் சொன்னார்கள். கையெழுத்து என்னுடையது. மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகளிடம் நேராக மாட்டேன் என்று சொல்கிற தைரியம் எந்தத் தகப்பனுக்கு இருக்கிறது? ஆகவே மூளையை உபயோகித்தேன். அங்கேதான் தவறு.

ஆட்சேபணையின் மனைவி கன்னியம்மா அக்காதான் எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தார், அவருக்கே தெரியாமல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதோ கேட்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"காபி வேணாம்தான உனக்கு?"

"எவன் சொன்னான் வேணாம்னு?" என்றார் ஆட்சேபணை.

காபி வந்தது. அவர் குடித்தார். அக்கா என்னைப் பார்த்து, "நாப்பது வருசமா இப்டித்தான் தம்பி குடும்பம் ஓடிகினு கீது" என்றார்.

எனக்குள் விளக்கு எரிந்தது. எல்லோரும் ஒன்று சொன்னால் இந்த மனிதர் எதிர்த்தே தீருவார். என் மகளோ இவர் பேச்சைத்தான் கேட்பாள். அப்படியென்றால் எல்லோரும் சேர்ந்து கணக்கை ஆதரிக்க வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல், நான் உட்பட. அவர் வந்து கணக்கைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். நான் வருத்தத்தோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு செம்பரம்பாக்கத்துக்கு ஏ.சி. பஸ் ஏற்றிவிடுவேன்.

ரமேஷிடம் சொன்னேன். "சினிமா மாதிரி இருக்கு மாமா" என்று குஷியாகிவிட்டான். சுமதியிடம் சொன்னேன்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு நாள் சுமதி."

"எனக்கு மெய்யாவே கணக்குதான் சரின்னு படுது. அவளுக்கு அதுதான் நல்லது."

"ரொம்ப நல்லதாப் போச்சு. இயல்பா இருக்கும்."

அவள் வெங்காயம் நறுக்கப் போனாள். நறுக்கிய சத்தத்திலேயே அபிப்பிராயம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஜ்ஜியோடு குடும்ப மாநாடு தொடங்கியது. சுமதி, ரமேஷ், ஆட்சேபணை, கன்னியம்மா அக்கா, மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிவேதா. ரமேஷ் முதலில் பேசினான், கணக்குதான் எதிர்காலம் என்றான். சுமதி ஒரே வரியில், "அவ விருப்பம்தான் என் விருப்பம்" என்றாள். அப்புறம் நான் எழுந்தேன். ஆதரவு பலமாக இருந்தால்தானே எதிர்ப்பும் பலமாக இருக்கும்? நன்றாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

"பட்டன் அமுக்கறவனுக்குப் பட்டன் மாறினா வேலை போயிடும்" என்றேன். "பட்டன் ஏன் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவன் எங்கயும் பொழைச்சுக்குவான். பின்னாடி சேத்துக்கறதைப் பின்னாடி சேத்துக்கலாம். அஸ்திவாரத்தைப் பின்னாடி சேக்க முடியுமா?"

எல்லாம் அவளிடமிருந்து திருடியது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை.

"அதெல்லாம் கூட விடுங்க. அவ கணக்குப் புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறப்ப அவ முகத்தைப் பாத்திருக்கீங்களா? சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழாது. கரண்ட் போனாக்கூட அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் தெரியும். நானும் இத்தனை வருஷமா வேலைக்குப் போறேன். எனக்கு ஒரு நாளும் அந்த மாதிரி காது கேக்காமப் போனதில்ல."

இந்தக் கடைசி வரியை நான் தயாரித்து வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நிவேதா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் நிறைந்திருக்கிறது. "அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

"ஆட்சேபணை."

கடவுளே, வந்துவிட்டார் என்று மூச்சு விட்டேன்.

"கணக்கு ஒரு கொடுமை" என்று ஆரம்பித்தார். "எட்டாங் கிளாஸ்ல எக்ஸ் எவ்ளோன்னு கேட்டான் வாத்யார். எனக்கு எப்டி தெரியும்? உனுக்குத் தெரியும்ல, நீ சொல்லேன். தெரிஞ்சிகினே கேக்குறான் பாரு, அது போலீஸ்காரன் புத்தி. அன்னிக்கு வெளிய வந்தவன்தான். இன்னி வரைக்கும் அந்தாளை நான் மன்னிக்கல."

"அவருக்கும் தெரிஞ்சிருக்காது தாத்தா" என்றாள் நிவேதா. "புக்குக்குப் பின்பக்கம் விடையைப் பாத்திருப்பாரு. மேல படிக்கப் படிக்கப் பின்பக்கமே இல்லாத கணக்கெல்லாம் வரும். விடை யாருக்குமே தெரியாது."

"யாருக்குமேன்னா?"

"யாருக்குமே."

"எட்மாஸ்டருக்கும்?"

"உலகத்துல எவருக்கும் தெரியாது."

அவர் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"அப்ப பேப்பரை எவன் திருத்துவான்?"

"அதான் தாத்தா. யாரும் திருத்த மாட்டாங்க. சரின்னு நாமளே நிரூபிக்கணும். நிரூபிச்சிட்டா அப்புறம் எந்த வாத்தியாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

"எந்த வாத்யாரும்?"

"எந்த வாத்தியாரும்."

இது அவருக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. ஆனால் அவர் சுதாரித்துக்கொண்டார். "இருந்தாலும் நான் எதிர்தான். கணக்குக்கு எதிரா ஒரு ஓட்டு எயுதிக்கோ." நான் சந்தோஷத்தை மறைக்கத் தண்ணீர் குடித்தேன். அவர் உட்காரவில்லை.

"இன்னொரு ஆட்சேபணை கீது. அது இந்தாளு மேல."

விரல் என்னை நோக்கி இருந்தது.

"யூனியன்ல ஒக்காந்து தலை நரைச்சவன் நானு. எங்க கோரிக்கையை எங்களவிட சோக்கா மொதலாளி பேசுனான்னு வெச்சிக்கோ, மறுநாள் கேட்டாண்ட பூட்டு தொங்கும். ரெண்டு தபா பாத்துட்டேன். வாட்ச்மேனாண்ட பைனான்ஸ் பைனான்ஸ்னு போன வாரம் பூரா அந்தாளை பேஜார் பண்ணிகினு இருந்த. இன்னிக்கு கணக்குக்கு மாலை போடுற. இன்னா நைனா பிளானு?"

நான் பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ரமேஷுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு பஜ்ஜி புரையேறி, தண்ணீர் குடித்து, முழுத் திட்டத்தையும் அவனே சபையில் வைத்துவிட்டான். கன்னியம்மா அக்கா, "நான் காபி கேக்குற மாதிரியே கேட்டுக்கீது இந்தத் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

நிவேதா எழுந்தாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள், இனி ஒரு மாதம் பேச மாட்டாள் என்று நினைத்தேன். அவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ பேசினதுல எந்த வரி தப்புன்னு சொல்லு."

"நிவி, அது வந்து..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. ஏதாவது ஒரு வரி."

தேடினேன். உண்மையாகவே தேடினேன். பட்டனில் தேடினேன், அஸ்திவாரத்தில் தேடினேன், காது கேட்காமல் போவதில் தேடினேன். கிடைக்கவில்லை.

"நீ நம்பாம சொன்னா என்ன? சரியா சொல்லிட்ட. யார் சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்கன்னெல்லாம் கணக்குல கேக்க மாட்டாங்க. சரியான்னுதான் கேப்பாங்க. நாளைக்குக் காலைல கிளம்பணும், சட்டையை அயர்ன் பண்ணி வெச்சுக்கோ."

சபை கலைந்தது. போகும்போது ஆட்சேபணை வாசலில் நின்று திரும்பினார். "இந்த மீட்டிங்கே செல்லாது. படிக்கப் போறது ஒருத்தி. ஓட்டுப் போட நம்ப யாரு? என் ஓட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

திங்கட்கிழமை காலை கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் போனால் அவர் எங்களுக்கு முன்னால் அங்கே நிற்கிறார். அதே இஸ்திரிச் சட்டை, காலரில் கைக்குட்டை.

"நீங்க எதுக்கு சார்?"

"எதிர்ப்பு தெரிவிக்க."

ரயிலில் எனக்குப் பழைய நோய் திரும்பியது. வில்லிவாக்கத்தில், "இன்னொரு தடவை யோசிக்கலாமேம்மா" என்றேன். பெரம்பூரில் டை கட்டிய ஒருவர் ஏறினார். "அவரைப் பாரு, அநேகமா ஃபைனான்ஸ்தான்" என்றேன். அவர் ஏதோ ஓட்டலின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பேசின் பிரிட்ஜில் வண்டி வழக்கம்போல நின்றுவிட்டது. ஆண்டவன் கொடுத்த கடைசி வாய்ப்பு என்று நினைத்து, செம்பரம்பாக்கம் கேன்டீனிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். நிவேதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா" என்றார் ஆட்சேபணை. "வண்டி நிக்கிறதே உன் பேச்சைக் கேட்டுகினுதான். நீ நிறுத்து, அது போவும்."

நிறுத்தினேன். போனது.

கல்லூரியில் ஒரு பெரிய ஹால் இருந்தது. வாசலில் நின்ற அலுவலர், பெற்றோர் மட்டும் உள்ளே போகலாம் என்றார். பிள்ளைகள் எல்லோரும் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். அப்பாக்களும் அம்மாக்களும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைகளின் பட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது இயல்பாகத்தான் பட்டது. எனக்கு முன்னால் போன ஆட்சேபணை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சார், வழிய விடுங்க. நீங்க எந்தப் பொண்ணோட பேரன்ட்?"

"நான் எந்தப் பொண்ணுக்கும் பேரன்ட் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"அதோ நிக்குதே, அந்தப் பொண்ணு கணக்கு எடுக்கக் கூடாதுன்னு சொல்ல வந்துகீறேன்."

"அதை உள்ள போய்ச் சொல்லுங்க."

"உள்ள யாராண்ட சொல்றது? படிக்கப் போறது அதுதான? அதை வெயில்ல நிக்க வெச்சிட்டு இந்தத் தொப்பைக்காரனுங்க கிட்டயா நான் வாதம் பண்றது? அதை உள்ள கூப்புடு. அதாண்டதான் எனக்குச் சண்டை."

தொப்பைக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். அப்போது பட்டாபிராமிலிருந்து வந்திருந்த ஒரு அப்பா, "அவர் சொல்றதும் சரிதானே" என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். ஓர் அம்மா உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பேர். என்னைப் பார்த்து என் மகள் புருவத்தை உயர்த்தினாள். நானும் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையின் முதல் போராட்டம் அது. பேன்ட் புதிது.

உள்ளேயிருந்து ஒரு பேராசிரியை வந்தார். நிலவரத்தைக் கேட்டார். சிரித்துவிட்டு, "பசங்களையும் வரச் சொல்லுங்க" என்றார். வேலை அத்தனை சுலபமாக முடிந்துபோனதில் ஆட்சேபணைக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எங்கள் முறை வந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. நிவேதாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா கணக்கு?"

என் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"மத்த பாடமெல்லாம் கொஞ்ச நேரத்துல போதும்னு தோணுது மேடம்" என்றாள் நிவேதா. "இது தோணல."

பேராசிரியை பேனாவை என் பக்கம் நகர்த்தினார். போட்டேன், எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கி ஓடியது. பக்கத்திலிருந்த கிளார்க் உற்றுப் பார்த்து, "சார், இது உங்க கையெழுத்துதானா?" என்றார். "பெரும்பாலும்" என்றேன்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "கணக்கா? ஏன், மார்க் வரலையா?" முதல் இரண்டு பேருக்கு நெளிந்தேன். மூன்றாவது ஆளுக்கு, "மார்க் நிறைய வந்துச்சு, அதனாலதான் கணக்கு" என்றேன். நாலாவதாக வந்த என் பெரியப்பா மகன், பொறியியல் படிக்கிற தன் பையனோடு ஒப்பிட்டு உச்சுக் கொட்டினான். "ஆமாடா, கணக்குதான். அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டேன். அவன் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். எதிர்ப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மனிதர் ஒரு ஆயுள் முழுக்க எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

எல்லாம் சுபமாக நடந்தது என்று சொன்னால் அது பொய். முதல் வருஷத்திலேயே ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனாள். வாழ்க்கையில் முதல் ஃபெயில். எங்களிடம் சொல்லுவதற்கு முன்னால் முதல் மாடியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் பயந்து மறுபடியும் செம்பரம்பாக்கத்தை நினைக்க ஆரம்பித்தபோது கீழேயிருந்து குரல் கேட்டது. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, கணக்கு ஒரு கொடுமைன்னு." "பேப்பர் கஷ்டம், கணக்கு இல்ல" என்று அவள் கத்துகிறாள். மாடிப்படியில் அரை மணி நேரம் சண்டை. சண்டை முடிந்து மேலே வந்தவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. மறுதேர்வு அன்று அவர் அவளோடு ரயிலேறிப் போய், பரீட்சை முடிகிறவரைக்கும் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். கேட்டதற்கு, "எதிர்க்கட்சி பாத்துகினு இருக்கணும்ல" என்றார்.

போன வருஷம் அவருடைய பையன் திருநின்றவூரில் வீடு கட்டினான். அவரும் கன்னியம்மா அக்காவும் அங்கே போய்விட்டார்கள். போகமாட்டேன் என்று கடைசி வரைக்கும் எதிர்த்துவிட்டுத்தான் லாரியில் ஏறினார். எங்கள் அசோசியேஷன் கூட்டங்கள் இப்போது கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். எதுவும் நடப்பதில்லை.

நிவேதா இப்போது கடைசி வருஷம். அடுத்தது எம்.எஸ்சி., அதுவும் கணக்குதான். குவான்டிடேடிவ் ஃபைனான்ஸை அதற்கப்புறம் பார்த்துக்கொள்வாளாம், பார்க்காமலும் இருப்பாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறித் திருநின்றவூர் போய் அவரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள். போன வாரம் நானும் போனேன். "நீ எதுக்கு நைனா வந்த?" என்று வாசலிலேயே கேட்டவரிடம், "எதிர்ப்பு தெரிவிக்க" என்றேன்.